மணி அடிக்காத வீட்டிலிருந்து

பவித்ரா,

நீ அயர்லாந்துக்குப் போன பிறகு அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், "பொண்ணு பேசுச்சா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் நேராக முகம் கழுவப் போய்விடுவார். பேசினாய் என்றால் அப்படியே நின்றுவிடுவார். அங்கே மழையா, என்ன சமைத்தாய், குரல் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் நான் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டார். உன் குரல் எப்படி இருந்தது என்பதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நன்றாக இருந்தது என்கிறேன். எனக்கே அது போதவில்லை, அவருக்கு எப்படிப் போதும்?

நம் எதிர்வீட்டு சாந்தி அக்கா, துபாயில் இருக்கும் மகனை நினைத்தபோதெல்லாம் கூப்பிடுகிறாள். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதைக்கூட அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் உன்னை அப்படிக் கூப்பிட முடியாது. உன் போனுக்கும் சத்தம் கிடையாது, என் போனுக்கும் சத்தம் கிடையாது. நான் கூப்பிட்டால் உனக்குத் தெரியாது. நீ கூப்பிட்டால் போன் என் கையில் இருந்தால்தான் உண்டு. சென்ற வாரம் நான் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டிருக்கிறாய். திரும்பி வந்து பார்த்தால் உன் பெயர் மட்டும் திரையில் இருந்தது. நீ அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அன்றைக்குத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

இதை நான்கு பேர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னதும் நீதான். "நமக்குத் தெரிஞ்சது நம்ம வீட்டோட நின்னுடக் கூடாதும்மா" என்றாய். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பார்த்தே இராத உன் சித்தியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமுதா எனக்கு அடுத்துப் பிறந்தவள். இதே ஜீவனஹள்ளியில்தான் அப்போதும் இருந்தோம். அவள் கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்தாள். சிவாஜிநகருக்குத் துணி எடுக்கப் போனால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். உருதுவில் பேசத் தொடங்கினால் கடைக்காரர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்றே நினைத்துவிடுவார்கள். "க்யா பாய், இது துணியா இல்ல கொசுவலையா?" என்று பாதி உருதுவும் பாதி தமிழுமாகக் கேட்டுவிட்டு, அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் விலையைக் குறைத்துவிடுவாள். கார்மென்ட்ஸில் ஒரு சூப்பர்வைசர் பெண்களைத் திட்டினான் என்பதற்காக, மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அவன் மேசைக்கு முன்னால் நின்றவள். அப்படிப்பட்டவளைத்தான் எல்லோரும் பயந்த பெண் என்று சொன்னார்கள்.

ஒரு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கைகால் வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள் கார்மென்ட்ஸில் தீ எச்சரிக்கை மணியைச் சோதித்துப் பார்த்தபோதும் விழுந்தாள். ஃபிட்ஸ் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். "எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா, சத்தம் கேட்டா நெஞ்சு ஒருமாதிரி புரளுது, அப்புறம் எதுவும் தெரியல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நெஞ்சு என்று அவள் சொன்னது எங்கள் யார் காதிலும் பெரிதாக விழவில்லை. எங்களுக்கு என்ன தெரியும்? விழுந்தால் ஃபிட்ஸ், அவ்வளவுதான்.

தினமும் காலையில் எங்கள் அம்மாதான் அவளை எழுப்புவாள். அந்த வாரம் அம்மா ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அதனால் ஷிஃப்டுக்கு நேரமாகிவிடக் கூடாதே என்று அமுதா அலாரம் வைத்துப் படுத்தாள். தலையில் இரண்டு பித்தளை மணி வைத்த கடிகாரம். விடியற்காலையில் அது அடித்தபோது நான் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தாள். அதை நிறுத்தக் கை நீட்டினாள். தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது, மறுபடி படுத்துவிட்டாள். நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "எழுந்திருடி, ஷிஃப்டு இருக்குதில்ல" என்று தோளைத் தொட்டேன். தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். மாரடைப்பு என்று சிலர் சொன்னார்கள், ஃபிட்ஸில் மூச்சு நின்றுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். கல்யாணப் பட்டுப்புடவையோடு ஆம்பூரிலிருந்து வந்து இறங்கிய என் அம்மாவிடம் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம்கூட இல்லை.

அவளுக்காகத்தான் நான் ஈ.சி.ஜி. எடுக்கும் வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. கல்யாணம் ஆகி, நீ பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகச் சேர்ந்து, பிறகு சான்றிதழ்ப் படிப்பு படித்து, ஈ.சி.ஜி. அறைக்கு மாறினேன். சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு, பச்சை இடது காலுக்கு, கறுப்பு வலது காலுக்கு, மீதியெல்லாம் நெஞ்சுக்கு. முதல் ஆறு மாதம் தூக்கத்தில்கூட இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்பா கிண்டல் செய்வார்.

படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். இதயம் ஒருமுறை துடிக்கும்போது கட்டம் போட்ட ரோஸ் நிறக் காகிதத்தில் மூன்று உருவங்கள் வரும். முதலில் ஒரு சின்ன மேடு. அது இதயத்தின் மேல் அறைகள் கிளம்புவது. அடுத்து ஊசி மாதிரி ஓர் உயரமான முனை. அது கீழ் அறைகள் அழுத்தி ரத்தத்தைத் தள்ளுவது. கடைசியில் அகலமாக ஒரு மேடு. அது இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் செய்துகொள்வது. முனைகள் ஒரே இடைவெளியில் வராவிட்டால் துடிப்பு தாறுமாறு. முனைக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவில் உள்ள கோடு குன்று மாதிரி தூக்கிக்கொண்டால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். படித்துப் பெயர் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் இன்னொன்றும் சொல்லித்தந்திருந்தார்கள். சாதாரண வேகத்தில் துடிக்கும் இதயத்தில், ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதிக்குள் அந்தக் கடைசி மேடு முடிந்துவிட வேண்டும். பாதியைத் தாண்டினால், இதயம் தயாராகத் தாமதமாகிறது என்று அர்த்தம். அந்தத் தாமதத்தில் திடுக்கிட வைக்கும் சத்தம் ஏதாவது வந்து இதயம் தடுமாறினால், அது ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். ஆள் விழுந்துவிடுவார். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாமலும் போகலாம்.

நீ பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தபடி நீ தூங்கிவிட்டாய். காலிங் பெல் அடித்தது. கூரியர்காரர். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நீ தரையில் கிடக்கிறாய், கை வெட்டி இழுக்கிறது. கூரியர்காரர்தான் ஓடிவந்து உன் தலைக்குக் கீழே தன் பையை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் சாந்தி அக்கா சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள். "இரும்பு குடு, கையில இரும்பு குடு" என்றாள். சாவி உன் கைக்கு வருவதற்குள் நீ கண்ணைத் திறந்துவிட்டாய். "என்னம்மா இத்தன பேரு?" என்று கேட்டாய். அந்தத் தரையில் நான் பார்த்தது உன் முகமா அமுதாவின் முகமா என்று எனக்கே தெரியவில்லை.

தெருமுனை கிளினிக்கில் ஃபிட்ஸாக இருக்கலாம், தலையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நான் உன்னை ஆட்டோவில் ஏற்றி, என் ஈ.சி.ஜி. அறைக்கே கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் ஜெல் தடவியபோது, "ஐயோ சில்லுனு இருக்கும்மா" என்று நீ நெளிந்தாய். "ஆடாத, கோடு கெட்டுடும்" என்றேன். காகிதம் வெளியே வரத் தொடங்கியது. எத்தனையோ பேருடையதைப் பார்த்த கண் எனக்கு. உன்னுடையதைப் பார்த்ததும் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கடைசி மேடு தாழ்வாக, அகலமாக, நடுவில் சின்னப் பள்ளத்தோடு, பாதித் தூரத்தைத் தாண்டிப் போய் முடிந்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு எங்கள் இதய டாக்டர் சாரதாவின் அறைக்கு ஓடினேன்.

அவர் அவசரப்படவில்லை. அளந்தார், கணக்குப் போட்டார், தானே வந்து பக்கத்தில் நின்று இன்னொரு முறை எடுக்கச் சொன்னார், மறுபடி அளந்தார். பிறகு உன்னிடம், "ஹெதர்பேடி புட்டி, பயப்படாத பாப்பா" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?"

"என் தங்கச்சி, மேடம்."

"எப்படி?"

சரவெடியைச் சொன்னேன். கார்மென்ட்ஸ் மணியைச் சொன்னேன். அலாரம் கடிகாரத்தைச் சொல்லத் தொடங்கியபோது அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"அவங்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்தாங்களா?"

"இல்ல மேடம். ஃபிட்ஸ்னு மாத்திரை குடுத்தாங்க."

"பேப்பர் இல்லாம நான் உறுதியா சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதக் கேட்டா அது ஃபிட்ஸ் இல்ல சிஸ்டர். இதேதான். ஹார்ட்."

நான் அழுததை நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். உனக்கு ஏதோ ஆகிவிடும் என்று அழுகிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நல்லாத்தாம்மா இருக்கு" என்றாய். உனக்கு மாத்திரை இருக்கிறது, வழி இருக்கிறது என்று டாக்டர் அதற்குள் சொல்லியிருந்தார். நான் உனக்காக அழவில்லை. நெஞ்சு புரளுது என்று சரியாகச் சொன்னவளுக்காக அழுதேன். அவள் யாருக்கும் பயந்தவள் இல்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு டாக்டர் அதைச் சொல்கிறார். சொல்லிக் கேட்க அமுதாவும் இல்லை, என் அம்மாவும் இல்லை.

இது குடும்பத்தில் இறங்கிவரும் சமாச்சாரம், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுடையது சுத்தமாக இருந்தது. பிறகு நான் எத்தனையோ பேரைப் படுக்க வைத்த அதே கட்டிலில் நான் படுத்தேன். கூட வேலை செய்யும் ஆயிஷாதான் எனக்கு எடுத்தாள். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னுடைய மேடும் பாதியைத் தாண்டியிருந்தது. உன் அளவுக்கு இல்லை, ஆனால் தாண்டியிருந்தது. என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். நீயோ இரண்டு காகிதத்தையும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாய். "மூக்குதான் அப்பா மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்க, உள்ள உன்ன மாதிரிம்மா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

அதன் பிறகு நம் வீடு மாறிவிட்டது. அப்பா காலிங் பெல்லைக் கழற்றினார். கடிகாரங்கள் ஊமையாகின. சாந்தி அக்காவிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரைக்கும் நம் வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டப் பழகிக்கொண்டார்கள். தீபாவளிக்கு நம் சந்துப் பிள்ளைகள் வெடியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். யாரும் சொல்லாமல் அவர்களாகவே செய்தார்கள், அதை மறந்துவிடாதே. காலையில் உன்னை நான் எழுப்புவேன். கூப்பிட மாட்டேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைப்பேன். நீ மெதுவாகக் கண்ணைத் திறப்பாய். காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். வளர்ந்த மகளைத் தினமும் தொட்டு எழுப்புகிற பாக்கியம் எத்தனை அம்மாக்களுக்குக் கிடைக்கும்? நோய் கொடுத்த பாக்கியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்காக ஏங்குகிறேன்.

அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்னபோது நான் கூடாது என்றேன். யார் உன்னை எழுப்புவார்கள் என்றேன். கையில் கட்டிக்கொண்டால் லேசாக அதிர்ந்து எழுப்பும் வாட்ச் இருக்கிறது, மெல்ல மெல்ல வெளிச்சம் கூட்டும் விளக்கு இருக்கிறது என்று நீ காட்டினாய். நான் பார்க்கக்கூட இல்லை. அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது.

"நீ என்னம்மா மானிட்டரா? எந்நேரமும் என்னையே பாத்துகினு இருக்க."

"மானிட்டர்னே வெச்சுக்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு நாம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பாதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "போலாமா வேணாமான்னு டாக்டராண்ட கேளு. உன் பயத்தாண்ட கேக்காத." டாக்டர் சாரதாவிடம் போனேன். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். திரும்ப விழுந்தாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அங்கே பார்த்துக்கொள்ளும் டாக்டருக்குக் கடிதம் எழுதித் தருகிறேன், வேறென்ன வேண்டும் என்றார். எனக்கு என்ன வேண்டும் என்பதை எந்த டாக்டரிடமும் கேட்க முடியாது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே, நீயாக நிறுத்தவும் செய்யாதே. சளிக்கோ வயிற்றுக்கோ எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் உன் இதயத்தைப் பற்றி முதலில் சொல். சில ஆன்டிபயாட்டிக்கும் சில வாந்தி மாத்திரையும்கூட நமக்கு ஆகாது. வாந்தி பேதி என்றால் வீட்டிலேயே படுத்துக் கிடக்காதே, உடம்பில் உப்புச் சத்து குறைந்தால் நம் மாதிரி இதயத்துக்கு ஆபத்து. கூடத் தங்கியிருக்கும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி வை, நீ விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். உனக்குப் பிடித்தவன் வந்தால் அவனிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. கேட்டுவிட்டு ஓடுகிறவன் ஓடட்டும். நாளைக்கு உனக்குக் குழந்தை பிறந்தால், பிறந்த பிறகு வரும் மாதங்களில்தான் நமக்குக் கவனம் அதிகம் தேவையாம். நான் எதுவும் தெரியாமலேயே உன்னைப் பெற்று, நீ அழும் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு எழுந்து, எப்படியோ தாண்டி வந்திருக்கிறேன். நீ தெரிந்து தாண்டு. அந்த மாதங்களில் எப்படியாவது நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பிள்ளை சத்தத்துக்கோ, ஓடும்போதோ, நீந்தும்போதோ மயங்கி விழுந்தால், தலையை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். வலிக்காது. நெஞ்சு கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் ஓசூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபோது அந்தப் பெண் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். நான் எடுத்தேன். டாக்டர் சாரதா பார்த்தார், மாத்திரை எழுதினார், வீட்டில் எல்லோரையும் வரச் சொன்னார். அவர்கள் மறுபடி என் அறைக்கு வந்தபோது அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இனிமே இவள பள்ளிக்கூடத்துக்கே அனுப்பக் கூடாதாக்கா? வீட்லயே வெச்சுப் பாத்துக்கவா?"

"என் பொண்ணுக்கும் இதேதாம்மா" என்றேன். "எனக்கும் இருக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க பொண்ணு இப்ப எங்க இருக்குது?"

"அயர்லாந்துல. வேலை பாக்குறா."

"கூட யாரு இருக்காங்க?"

"தோழி ஒருத்தி இருக்கா. மத்தபடி தனியாத்தான்."

"அவ்ளோ தூரம் தனியா எப்பிடிக்கா விட்டீங்க?"

ஏர்போர்ட்டில் நீ உள்ளே போன பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் வெகுநேரம் நின்றது, வீட்டுக்கு வந்து உன் துவைக்காத சுடிதாரைத் துவைக்க மனமில்லாமல் மடித்து வைத்தது, எதையும் அவளிடம் சொல்லவில்லை. "விட்டேம்மா, நல்லாத்தான் இருக்கா" என்றேன். அந்த அம்மா மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கதவைத் திறந்து, "வா, யூனிஃபார்முக்குத் துணி எடுத்துனு போலாம்" என்று மகளைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் அதுவரை இல்லாதபடி, நீ திரும்பி வந்துவிடு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா